வெளிச்சத்தை வெச்சு கட்டின வாட்ச் ஊர்: லா ஷோ-த-ஃபோன்

வணக்கம் மக்களே! சுவிட்சர்லாந்துல ஜூரா மலையில, ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்துல இருக்கிற லா ஷோ-த-ஃபோன் ஊரைப் பத்திதான் இன்னைக்கு. நூஷாத்தெல் நகரத்துல இருந்து ரயில்ல சுமார் அரை மணி நேரம். நடுவுல ஷாம்ப்ரெலியாங் ஸ்டேஷன்ல வண்டி வந்த பக்கமே திரும்பிப் போற மாதிரி இருக்கும், பதறி இறங்கிடாதீங்க. மலை ஏறுறதுக்காக அங்க திசை மாத்துவாங்க.

முதல்ல எஸ்பாசிட்டே கோபுரத்து உச்சி மாடிக்குப் போயிடுங்க. மேல இருந்து பார்த்தா, சரிவுல படிப்படியா, நேர்கோடா தெருக்கள். ஒரு வீட்டு வரிசை, அதுக்கு முன்னாடி தோட்டம், அப்புறம் தெரு. இதேதான் திரும்பத் திரும்ப வரும். 1794-ல ஊரையே தீ தின்னுடுச்சு. அதுக்கப்புறம் திட்டம் போட்டுக் கட்டினாங்க. 1835-ல ஷார்ல்-ஆன்ரி ஜூனோங்கிற பொறியாளர் அதை இன்னும் விரிவாக்கினார். வரிசைக்கு வரிசை இடைவெளி விட்டதால, கீழ் வீட்டு நிழல் மேல் வீட்டுல விழாது. தீயும் சுலபமா தாவாது.

வெயில் ஏன் அவ்வளவு முக்கியம்? நீண்ட குளிர்காலம், விளைச்சல் கம்மியான மண்ணு, அதனால வாட்ச் வேலை பிடிச்சுக்கிச்சு. ஒருத்தர் பல்சக்கரம் வெட்டுவார், இன்னொருத்தர் முள் செய்வார், வேறொருத்தர் வாட்சோட வெளிக்கூடு (கேஸ்) பண்ணுவார். எல்லாம் வீட்டுலயேதான். ஒரு வியாபாரி பாகங்களைச் சேர்த்துப் பூட்டி விப்பார். கண்ணுல லென்ஸ் மாட்டிட்டு மயிரிழை கனத்துல வேலை பார்க்கிறவங்களுக்குப் பகல் வெளிச்சம்தான் முதல். மாடியில ஜன்னல் நெருக்கமா வரிசையா இருந்தா, பெரும்பாலும் அது பட்டறை. 'மூலதனம்' நூல்ல மார்க்ஸ் இந்த ஊரையே ஒரு பெரிய வாட்ச் தொழிற்சாலைன்னு சொல்றது இதைத்தான். 2009-ல பக்கத்து லெ லோக்ல் ஊரோட சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்லயும் வந்துச்சு.

தண்ணிக்குத்தான் ரொம்பத் திண்டாட்டம். அடியில சுண்ணாம்புக் கல்லு, மழை அப்படியே உள்ள இறங்கிடும், ஆறு கிடையாது. தொட்டியில சேமிச்சு ஓட்டினாங்க. 1887-ல அரூஸ் ஆத்துப் பள்ளத்தாக்குல இருந்து, அந்த ஆத்தோட விசையாலயே பம்பை ஓட்டி, சுமார் 500 மீட்டர் மேல தண்ணி ஏத்தினாங்க. அந்தக் காலத்துக்கு அசாத்தியமான வேலைங்க அது.

அதே வருஷம் இந்த ஊர்ல பிறந்தவர்தான் கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே. அப்பா வாட்ச் டயலுக்கு எனாமல் பூசுறவர்.

இதையும் தெரிஞ்சுக்கோங்க: 1960கள் வரைக்கும் இருட்டுல ஒளிர்ற டயலுக்கு, கதிர்வீச்சு விடுற ரேடியம் கலந்த பெயிண்ட் பூசினாங்க, பல பேர் வீட்டுலயே. அந்தப் பெயிண்ட்ல ஒளிர்றது துத்தநாக சல்பைடு. அது சில வருஷத்துல கெட்டு மினுக்கம் போயிடும். ரேடியம் அப்படியே இருக்கும், பாதியா குறையவே 1,600 வருஷம் ஆகும். அதனால ஒளிரலைன்னா ஆபத்தில்லைன்னு நினைக்காதீங்க. 2015-ல இருந்து அரசாங்கம் பழைய பட்டறை வீடுகளை அளந்து பார்த்துச்சு. அங்க இருக்கிறவங்க மேல படுற கதிர்வீச்சு வருஷத்துக்கு 1 மில்லிசீவர்ட்டை (கதிர்வீச்சை அளக்கிற அலகு) தாண்டுற வீட்டைச் சுத்தம் பண்ணினாங்க. பழைய ஒளிரும் டயல் வாட்ச் உங்க கையில கிடைச்சா, கண்ணாடியைக் கழட்டாதீங்க, டயலைச் சுரண்டாதீங்க. தூள் உள்ள போறதுதான் கெடுதல்.