மாட்டுப் பொங்கலன்று தும்பாவில் ராக்கெட்டுகள் பாய்ந்தது ஏன்?

வணக்கம். 2010 ஜனவரி 15, மாட்டுப் பொங்கல். கன்னியாகுமரியிலும் தனுஷ்கோடியிலும் சூரியனை வளையமாகக் கண்டு மக்கள் வியந்த அந்தக் கிரகணத்தையொட்டி, திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்தும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்தும் இஸ்ரோ ரோகிணி ராக்கெட்டுகளை ஏவியது. நிலவின் நிழலை ஆராய ராக்கெட் எதற்கு?

[திரையில்: உயர அளவுகோல்]

சூரியக் கதிர்களால் எலக்ட்ரான்களும், மின்னூட்டம் பெற்ற துகள்களான அயனிகளும் உருவாகும் மேல்வளிப் பகுதிதான் அயனி மண்டலம்; நிலவின் நிழல் அதை எப்படி மாற்றுகிறது என்பதே கேள்வி. தரையிலிருந்து ஏறத்தாழ 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் அதன் அடிப்பகுதியான டி அடுக்கு இருக்கிறது. பலூன்கள் அவ்வளவு உயரம் செல்வதில்லை. செயற்கைக்கோள் அவ்வளவு தாழ்ந்தால் காற்றின் தடையால் விழுந்துவிடும். கருவியை அங்கே நேரடியாகக் கொண்டுசெல்ல ராக்கெட் ஒன்றே வழி.

பி.எஸ்.எல்.வி.யைக் கற்பனை செய்ய வேண்டாம். ரோகிணியின் பெயரில் வரும் எண், அதன் விட்டத்தை மில்லிமீட்டரில் சொல்வது. ஆர்.எச்.200 என்றால் 20 சென்டிமீட்டர். பலருடைய கையில் ஒரு சாண்கூட முழுதாக வராது! அந்த ஒல்லி உடம்போடு அது ஏறத்தாழ 80 கிலோமீட்டர் ஏறுகிறது. இந்தத் தலைப்பில் என்னை மிகவும் கவர்ந்தது இதுதான்.

[திரையில்: டி அடுக்கின் அசைபடம்]

சூரியனின் லைமன்-ஆல்ஃபா என்னும் புற ஊதாக் கதிர், டி அடுக்கிலுள்ள நைட்ரிக் ஆக்சைடு மூலக்கூறுகளிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்தெடுக்கிறது. கதிர் குறைந்தால் எலக்ட்ரான்கள் அயனிகளோடு மீண்டும் சேர்ந்தும், ஆக்சிஜனில் ஒட்டிக்கொண்டும் குறைந்துவிடுகின்றன. இது ஒவ்வோர் இரவும் நடப்பதுதானே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான், மத்திய அலை வானொலியில் இரவில் தொலைதூர நிலையங்கள் கேட்பதற்கும், பகலில் அலைகளை உறிஞ்சும் இந்த அடுக்கு கரைந்துபோவதே முக்கியக் காரணம். ஆனால் அந்தியில் கதிர்கள் சாய்ந்து, நீண்ட காற்றுப் பாதையைக் கடந்து வருவதால் கணக்கு சிக்கலாகிறது. கிரகணத்திலோ சூரியன் உச்சிப்பக்கம் நிற்கும்போதே, முன்கூட்டிக் கணக்கிட்ட அளவில் ஒளி குறைந்து, மீண்டும் திரும்புகிறது. எலக்ட்ரான்கள் எவ்வளவு வேகமாக மறைகின்றன, எவ்வளவு வேகமாக மீள்கின்றன என்பதை அளக்க இதைவிட நேர்த்தியான சோதனையை மனிதர் அமைக்க முடியாது என்பேன்.

ஒரு ராக்கெட் டி அடுக்கை நொடிகளில் கடந்துவிடுவதால், அது தருவது ஒரே ஒரு தருணத்தின் நிலையை மட்டுமே. அதனால்தான் 2024 ஏப்ரல் 8 அன்று நாசா, வர்ஜீனியாவின் வாலப்ஸ் தீவிலிருந்து மூன்று ராக்கெட்டுகளை ஏவத் திட்டமிட்டபோது, கிரகண உச்சத்தில் ஒன்றையும், அதற்கு 45 நிமிடங்கள் முன்னும் பின்னும் ஒவ்வொன்றையும் வைத்தது. அவை மூன்றும் 2023 அக்டோபர் வளையக் கிரகணத்தின்போது நியூ மெக்சிகோவில் பறந்து, மீட்கப்பட்டு, செப்பனிடப்பட்டவை. வாலப்ஸில் சூரியன் முழுதாக மறையவே இல்லை, ஏறத்தாழ 81 விழுக்காடுதான். ஆய்வுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.