சூடாகிறது, ஆறுகிறது: எங்கள் வீட்டு டிரையரின் கதை

வணக்கம். பின்னால் இரைவது இயந்திரம் இல்லை, தகரக் கூரையில் விழும் மழை. மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் அக்டோபர் பிறந்துவிட்டால் மதியத்துக்கு மேல் கொடியில் துணி போடுவது சூதாட்டம்தான். என் கணவருக்குச் செம்பனை ஆலையில் வேலை. சீருடை இரண்டே செட். ஒன்று உடம்பில், ஒன்று துவைப்பில். இரவுக்குள் காய்ந்தாக வேண்டும். அதற்காகத்தான் இந்த டிரையரை வாங்கினோம்.

போன மாதம் இது வம்பு செய்ய ஆரம்பித்தது. டிரம் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, ஆனால் சூடு வருகிறது, போகிறது. ஒரு மணி நேரத்தில் காயும் துணிக்கு இரண்டரை மணி நேரம் ஆனது. பழுது பார்க்க ஒருவரை அழைத்தோம். திறந்தார், மீட்டர் வைத்தார், எல்லாம் சரி என்றார், மின்சுற்றுப் போர்டை மாற்றிப் பார்க்கலாம் என்றார். 60 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டு போனார். அவரையும் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். பழுது சூட்டில் வருகிறது. அவர் பார்த்தது ஆறிப்போன இயந்திரத்தை. காய்ச்சல் இறங்கிய பிறகு வைத்தியரிடம் போன கதை.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹீட்டர் விட்டு விட்டு எரிவது தன்னளவில் பழுதில்லை. உள்ளே ஒரு தெர்மோஸ்டாட் இருக்கிறது. காற்று போதிய சூடானதும் ஹீட்டரை அணைக்கும், சற்று இறங்கியதும் மறுபடி போடும். அதற்கு மேல் காவலுக்கு இன்னொன்று இருக்கிறது. சூடு எல்லை மீறினால் அது வெட்டிவிடும். நன்றாக ஆறிய பிறகுதான் திரும்ப விடும். வெப்ப ஃபியூஸ் என்று மூன்றாவதாக ஒன்றும் உண்டு. அது ஒருமுறை போனால் போனதுதான், திரும்பி வராது. எனக்குச் சூடு திரும்பி வருகிறது. ஆகவே பழுது ஃபியூஸில் இல்லை.

இதோ, மகளின் கணக்கு நோட்டில் நான் குறித்து வைத்தது. 7 நிமிடம் சூடு, 11 நிமிடம் குளிர்ந்த காற்று, 4 நிமிடம் சூடு, மறுபடி குளிர். இவ்வளவு நேரம் ஆற விடுவது சாதாரணத் தெர்மோஸ்டாட்டின் வேலை இல்லை. காவல்காரன்தான் வெட்டுகிறான். அப்படியானால் சூடு குறைவதா பிரச்சினை? உள்ளே சூடு அதிகமாகிறது!

பிளக்கைத் தொட்டுப் பார்த்தேன். சூடில்லை, பழுப்புக் கறையும் இல்லை. உங்கள் வீட்டில் பிளக் கொதித்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, பதிவு பெற்ற மின்பணியாளரை அழையுங்கள்.

அடுத்து இந்தப் பஞ்சு வடிகட்டி. வாரா வாரம் தட்டுகிறேனே என்று எனக்குப் பெருமை. குழாயடியில் பிடித்தேன். பாருங்கள், தண்ணீர் வலையில் இறங்காமல் தட்டில் ஊற்றியதுபோல நிற்கிறது. துணி மென்மையாக்கியின் பிசுக்கு, கண்ணுக்கே தெரியாது. பழைய பல் துலக்கியும் சோப்பும் போட்டுத் தேய்த்ததும் சல்லென்று இறங்கியது. கொஞ்சம் குணம் தெரிந்தது, முழுக்க இல்லை.

பின்னால் இருக்கும் வெளியேற்றுக் குழாயைக் கழற்றிவிட்டு, சன்னலைத் திறந்து வைத்து ஓட்டிப் பார்த்தேன். இருபது நிமிடம் ஓடியும் ஒருமுறைகூட ஆறவில்லை. சமையலறை மட்டும் வெந்துவிட்டது. மாமா வாசலிலிருந்தே, "காற்றுக்கு வழி விடவில்லை, வேறென்ன?" என்றார். அவர் அந்தக் காலத்தில் ரப்பர் புகைக்கூடத்தில் வேலை செய்தவர். கூரைத் திறப்பை மூடிவிட்டால் ஈரம் போக வழியில்லாமல் ஷீட்டில் பூஞ்சணம் பிடிக்குமாம். அறுபது வெள்ளியை முதலில் அவரிடம் கொடுத்திருக்கலாம்.

குழாயில் கைப்பிடி அளவு பஞ்சுதான் இருந்தது. நிஜமான குற்றவாளி வெளிச்சுவரில், குழாய் முடியும் இடத்தில். இந்த மூடி உள்ளிருந்து காற்றடித்தால் திறக்க வேண்டும். அதன் கீலில் குளவி மண்கூடு கட்டியிருக்கிறது! கட்டை விரல் பருமன், காய்ந்து கல்லாகிவிட்டது. மூடி ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. கத்தியோடு போனால் அத்தை கையைப் பிடித்துக்கொண்டார். குளவி கூடு கட்டினால் வீட்டில் தொட்டில் ஆடுமாம், உடைக்கக் கூடாதாம். எனக்கு நாற்பத்து மூன்று வயது, அத்தை. கடைசியில் உடையாமல் பெயர்த்து மாமரத்தடியில் வைப்பது என்று உடன்படிக்கை ஆனது.

குழாயைக் கழற்றிய பிறகும் சூடு விட்டு விட்டு வந்தால், மின்சாரப் பக்கம் பார்க்க வேண்டும். ஹீட்டர் கம்பியில் விரிசல் இருந்தால் சூட்டில் பிரிந்து ஆறியதும் ஒட்டிக்கொள்ளும். வயர் முனை தளர்ந்து கருகியிருக்கலாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகே டிரையரின் மூடியைத் திறக்க வேண்டும். என்னுடையது 2000 வாட். 230 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டால் மீட்டரில் ஹீட்டரின் மின்தடை 26 ஓம் அருகில் காட்ட வேண்டும், காட்டியது. ஆனால் ஆறிய நிலையில் சரியாகக் காட்டுவது முழுச் சான்று இல்லை, அதைத்தான் அந்த 60 வெள்ளியில் கற்றேன்.

தெரிந்தவர் ஒருவர், அந்தக் காவல் தெர்மோஸ்டாட்டை விட்டுவிட்டு வயரை நேராக இணைத்துவிடச் சொன்னார். இந்தப் பஞ்சை ஒரு சிட்டிகை எடுத்துத் தீக்குச்சியைக் காட்டினேன். பார்த்தீர்களா, கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை. இது இருக்கும் இடத்தில் காவலைக் கழற்றவா?

குளவி வராதிருக்க வெளிவாயில் கொசுவலை கட்டவும் வேண்டாம், அதில் பஞ்சு அடைத்துக்கொள்ளும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

மணி அடித்துவிட்டது. ஐம்பத்தைந்து நிமிடம். பாக்கெட்டை உள்ளே புரட்டிப் பார்க்கிறேன், அங்கேதான் ஈரம் ஒளிந்திருக்கும். இல்லை, தையல்கூடக் காய்ந்திருக்கிறது.