ஆறு வார மருந்தும் அறுந்துபோகாத சிகிச்சையும்

அவைத்தலைவர் அவர்களே, மேடையை அணிசெய்யும் மருத்துவப் பேராசிரியர்களே, மகளிர் குழுக்களை அழைத்து வந்திருக்கும் ஒருங்கிணைப்பாளர்களே, மதுரை வெயிலைப் பொருட்படுத்தாமல் வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் பணிவான வணக்கம். ஒலிபெருக்கி முதல் மோர்ப்பந்தல் வரை பார்த்துப் பார்த்துச் செய்த இளைஞர்களுக்கு என் தனி நன்றி.

முற்றிய கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு முதன்மைச் சிகிச்சைக்கு முன்பே கீமோ, அதாவது புற்றணுக்களை அழிக்கும் மருந்து, கொடுப்பதன் பயன், பக்கவிளைவு, செலவு ஆகிய மூன்றையும் பேச வந்திருக்கிறேன். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இந்த நோயின் மருத்துவமே அதுதான்.

கதிர்வீச்சுடன் வாரந்தோறும் சிஸ்பிளாட்டின் என்னும் கீமோ மருந்து, பிறகு உடலுக்குள்ளிருந்தே கொடுக்கும் உள்கதிர்வீச்சு என்பதே 1999 முதல் நிலைத்த முறை. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2018இல் வெளியிட்ட ஆய்வில், முன்கூட்டிக் கீமோ பெற்றுப் பின்பு அறுவை செய்துகொண்டவர்களில் 5 ஆண்டுகள் நோயின்றி இருந்தோர் 69.3 விழுக்காடு, கீமோவும் கதிர்வீச்சும் சேர்த்துப் பெற்றவர்களிலோ 76.7. ஆனால் 2024இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த இன்டர்லேஸ் என்னும் ஆய்வு அறுவையை நாடவில்லை. 500 பெண்களில் ஒரு பாதியினருக்கு வாரம் ஒருமுறை கார்போபிளாட்டின், பாக்ளிடாக்சல் என்னும் இரு கீமோ மருந்துகளை ஆறு வாரம் ஏற்றி, ஏழாம் வாரமே வழக்கமான கதிர்வீச்சுச் சிகிச்சையைத் தொடங்கினார்கள்; மறுபாதியினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டுமே. ஐந்தாண்டு உயிர்வாழ்வு மறுபாதியினரின் 72லிருந்து இவர்களிடம் 80 விழுக்காடாக உயர்ந்தது. கடுமையான பக்கவிளைவும் 48லிருந்து 59 விழுக்காடு ஆனது. இடைவெளியின்றித் தொடங்கிய அந்த ஏழாம் வாரத்தைத்தான் நான் பெரிதாக எண்ணுகிறேன்.

உசிலம்பட்டிப் பக்கம் மல்லிகை பறிக்கும் அம்மா ஒருவர், விடியுமுன் பூவைப் பறித்துக் கொடுத்துவிட்டு, ஆரப்பாளையம் பேருந்தைப் பிடித்து, மதுரையில் 'கரண்ட்' (கதிர்வீச்சைத்தான் அப்படிச் சொல்வார்கள்) வைத்துக்கொண்டு திரும்புவார். குமட்டலுக்கு முந்தானையில் ஓர் எலுமிச்சம்பழம் முடிந்திருக்கும். அவர் முகத்தைப் பார்த்தே நடத்துநர் முன்னிருக்கையை ஒதுக்கிவைப்பார். மூன்றாம் வாரம் மாமியார் படுத்துவிட்டார், மகளுக்குப் பரீட்சை, வருவது நின்றுவிட்டது. கேட்டதற்கு, "பத்து நாளுதானே அண்ணே, பெறகு சேத்து வச்சுக்கிருவாங்க" என்றார். விட்டதைச் சேர்த்துவைக்க முடியாது, தாய்மார்களே! கதிர்வீச்சு முழுவதும் 8 வாரத்துக்குள் முடிய வேண்டும். இடைவெளி விட்டால் புற்றணுக்கள் மீண்டும் பெருகும். அடிமேல் அடி விழாத அம்மி நகராது.

புதிய முறையில் சிகிச்சை மூன்று மாதத்துக்கும் மேல் நீளும். அத்தனை நாளும் வெளியூர்ப் பெண்கள் தங்க, துணைக்கு வருபவரோடு உண்டு உறங்க, மதுரையில் கட்டணமில்லா விடுதி ஒன்று வேண்டும். இழக்கும் கூலிக்கு ஈடாக உதவித்தொகையும் வேண்டும். இவ்விரண்டையும் இன்றைய கூட்டத்தின் தீர்மானமாக நிறைவேற்றி, மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பும்படி தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.