டேப்பைப் பத்திரமா வச்சுக்கோங்கன்னு சொன்னாரே!

நடுவர் அவர்களுக்கும், ரெண்டு அணிக்கும், இந்தக் குளிர்லயும் பொங்கலுக்குப் பட்டுப்புடவையும் வேட்டியுமா வந்து இந்த ஸ்கூல் ஆடிட்டோரியத்த நிறைச்சிருக்கிற உங்க எல்லாருக்கும் வணக்கம். மீதி வணக்கத்தச் சாப்பாட்டு லைன்ல நேர்லயே சொல்லிக்கிறேன், எனக்குக் குடுத்திருக்கிற நேரம் கம்மி.

அமெரிக்க அரசியல்ல இந்த ரெட்டை நாக்குக்கு யாரு காரணம், தலைவர்களா, ஓட்டுப் போடுற மக்களா? இதான் தலைப்பு. தலைவர்கள்தான்னு சொல்ல வந்திருக்கேன். நாலஞ்சு பாயிண்ட் எழுதிட்டும் வந்தேன். ஆனா எனக்கு முன்னாடி பேசுன எதிரணித் தம்பி ஒண்ணு சொல்லி மொத்தக் கைதட்டலையும் அள்ளிட்டுப் போயிட்டாரு, அதுக்குப் பதில் சொல்லாம நான் இந்த மைக்க விட்டு நகர மாட்டேன்.

என்ன சொன்னாரு? "மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடம். இத என்ன அமெரிக்காவுலயா கண்டுபிடிச்சாங்க? அக்காவே ஒரு மாமியார்தான், அவங்க வீட்ல எத்தனை குடம் உடைஞ்சுதுன்னு அவங்க மருமகளக் கேளுங்க. ஜனங்களே இப்படித்தான் இருக்கோம், அப்புறம் செனட்டரத் திட்டி என்ன பிரயோஜனம்?" அப்படின்னாரு. நீங்களும் விசில் அடிச்சீங்க.

தம்பி, என் மருமக அதோ மூணாவது வரிசையில உக்காந்திருக்கா, கேளுங்க, தாராளமாக் கேளுங்க. இல்ல, நானே சொல்லிடறேன். எங்க வீட்ல உடைஞ்சது குடம் இல்ல, மிக்ஸி ஜார். சென்னையிலேர்ந்து பெட்டிக்குள்ள புடவையச் சுத்தி, ரெண்டு ஃப்ளைட் மாத்தி நான் கொண்டு வந்த ஜாரு. அவ கைதவறிக் கீழ போட்டா, பிடி உடைஞ்சு போச்சு. நான் ரெண்டு நாள் மூஞ்சி குடுத்துப் பேசல. அடுத்த மாசமே நான் சின்ன ஜார உடைச்சேன். உடைச்சிட்டு என்ன சொன்னேன் தெரியுமா, "போனாப் போகுது, பழசுதானே"ன்னு சொன்னேன். அவ ஒண்ணும் பேசல. அடுப்ப சிம்ல வச்சிட்டுத் திரும்பி என்னப் பார்த்தா. ஒரே ஒரு பார்வைதான். அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல, எழுந்திருச்சுப் போய் அவ ரூம் கதவத் தட்டி மன்னிச்சிடும்மான்னு சொன்னேன்.

இதான் தம்பி வித்தியாசம். வீட்ல நான் ரெண்டு நியாயம் பேசினா, பாதிக்கப்பட்டவ என் எதிர்ல நின்னு என்னப் பார்க்கிறா. அந்தப் பார்வைக்கு நான் பதில் சொல்லியே ஆகணும். வாஷிங்டன்ல உக்காந்துகிட்டு ரெண்டு நியாயம் பேசுறவங்கள யாரு அப்படி நின்னு பார்க்கிறது?

சரி, அவங்க குடம் உடைச்ச கதைக்கு வரேன். இங்க பாதிப்பேருக்குத் தெரிஞ்ச கதைதான், ஆனா வரிசையாக் கேட்டாதான் அதோட கனம் புரியும்.

2016 பிப்ரவரி 13. சுப்ரீம் கோர்ட் ஜட்ஜ் ஆன்டனின் ஸ்கலியா டெக்சாஸ்ல ஒரு ரான்ச்சுக்குப் போன இடத்துல இறந்துட்டாரு. துக்கம் விசாரிக்கக்கூட நேரம் குடுக்கல, அன்னிக்கே செனட்ல ரிபப்ளிக்கன் தலைவர் மிட்ச் மெக்கானல் அறிக்கை விடறாரு, அடுத்த ஜட்ஜ் யாருங்கிறதுல மக்களுக்குக் குரல் வேணும், அதனால புது ஜனாதிபதி வர்றவரைக்கும் இந்த இடத்த நிரப்பக்கூடாதுன்னு. தேர்தலுக்கு இன்னும் எட்டு மாசத்துக்கு மேல கிடக்கு! அப்ப ஜனாதிபதியா இருந்த டெமாக்ரட் ஒபாமா மார்ச் 16 மெரிக் கார்லண்டுங்கிற ஜட்ஜோட பேர அனுப்புறாரு. ஜனாதிபதி அனுப்புற பேர செனட் ஓட்டுப் போட்டு ஏத்துக்கணும், அதான் முறை. ஓட்டெடுப்ப விடுங்க, கூப்பிட்டு உக்கார வச்சு ஒரு கேள்விகூடக் கேக்கல. 293 நாள் அந்த மனுஷன் பேரு கிடப்புலயே கிடந்து காலாவதி ஆகிப்போச்சு.

அந்த நேரத்துலதான் நம்ம பக்கத்து ஸ்டேட் சவுத் கரோலினா செனட்டர் லிண்ட்சி கிரகாம் கமிட்டியில பேசுறாரு. நல்லாக் கேளுங்க. "நாளைக்கு ஒரு ரிபப்ளிக்கன் ஜனாதிபதி வந்து, அவரோட முதல் டெர்ம் கடைசி வருஷத்துல ஒரு இடம் காலியானா, அடுத்த ஜனாதிபதியே நிரப்பட்டும்னு லிண்ட்சி கிரகாம் சொன்னான்னு நீங்க சொல்லலாம், என் வார்த்தைய எனக்கு எதிராவே எடுத்து வீசலாம், நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரியா இருக்கும்"ங்கிறாரு. யாராவது கேட்டாங்களா? கேக்கல! அவரா வந்து சொன்னாரு!

இதோட நின்னாரா? 2018 அக்டோபர், ஒரு மேடைப் பேட்டி. மறுபடியும் அதே வாக்கு. ட்ரம்ப்போட கடைசி வருஷத்துல இடம் காலியாகி, அதுக்குள்ள கட்சி வேட்பாளரத் தேர்ந்தெடுக்கிற பிரைமரி தேர்தல் ஆரம்பிச்சிருந்தா, அடுத்த தேர்தல் வரைக்கும் காத்திருப்போம்ங்கிறாரு. பேட்டி எடுத்தவரு, இது பதிவாகுது சார்னு சொல்றாரு. இவரு என்ன சொல்றாரு? "ஆமா, டேப்ப வச்சுக்கோங்க"ங்கிறாரு. டேப்ப வச்சுக்கோங்க! நம்ம ஊர்ல கடன் வாங்குறவன்கூட பத்திரத்துல கையெழுத்துப் போடத் தயங்குவான், இவரு கையெழுத்தப் போட்டு, ரேகை வச்சு, ஜெராக்ஸ் எடுத்து நம்ம கையில குடுத்துட்டுப் போறாரு.

2020 செப்டம்பர் 18. சுப்ரீம் கோர்ட் ஜட்ஜ் ரூத் பேடர் கின்ஸ்பர்க் அம்மா 87 வயசுல தவறிட்டாங்க. புது ஜனாதிபதி பதவியேத்த அப்புறம்தான் தன்னோட இடத்துக்கு ஆள் வரணும், அதான் என் மனசார ஆசைன்னு பேத்திகிட்ட சொல்லி எழுத வச்சிட்டுப் போனாங்க. தேர்தலுக்கு 46 நாள்தான் இருக்கு. எட்டு மாசம் முன்னாடி செத்தவரு இடத்துக்கே மக்கள் குரல் வேணும்னா, 46 நாளுக்கு எவ்வளவு வேணும்? அதே மெக்கானல், அன்னிக்கு ராத்திரியே, தன் கட்சி ஜனாதிபதி ட்ரம்ப் யாரை அனுப்பினாலும் ஓட்டெடுப்பு உண்டுங்கிறாரு. டேப்ப வச்சுக்கோங்கன்னவரு என்ன பண்ணாரு? அவருதான் அப்ப, ஜட்ஜா வர்றவங்கள விசாரிக்கிற ஜுடிஷியரி கமிட்டி தலைவர். அவரே நடுவுல உக்காந்து விசாரணைய நடத்துறாரு! செப்டம்பர் 26 எமி கோனி பாரெட் பேர அறிவிச்சாங்க, அக்டோபர் 26 செனட்ல 52க்கு 48னு ஓட்டுப் போட்டு முடிச்சாங்க. முப்பதே நாள். தேர்தலுக்கு எட்டு நாள் முன்னாடி. என் ஓட்ட நான் ஏற்கனவே போட்டுட்டு வந்து கையில ஸ்டிக்கரோட உக்காந்திருக்கேன், அன்னிக்கு நடக்குது இது.

கேட்டதுக்கு கிரகாம் காரணம் சொன்னாரு. ஜட்ஜ் நியமனத்துல விவாதத்த முடிச்சு ஓட்டெடுப்புக்குப் போக செனட்ல 60 ஓட்டு வேணும்ங்கிற ரூல 2013ல டெமாக்ரட்டுங்க மாத்துனாங்க, ட்ரம்ப் அனுப்புன ஜட்ஜ் கவனாவ அநியாயமா நடத்துனாங்க, அதனால நானும் மாறிட்டேன்னாரு. தம்பி, 2013 எப்ப வந்துச்சு? 2016க்கு முன்னாடியா பின்னாடியா? கவனா விவகாரம் நடந்ததும் அந்த 2018 அக்டோபர் பேட்டிக்குள்ளதானே? ரெண்டு காரணமும் கண்ணு முன்னாடி இருக்கும்போதுதானே டேப்ப வச்சுக்கோங்கன்னு சொன்னீங்க!

இப்ப எதிரணியில ஒரு தங்கச்சி சிரிக்கிறாங்க, அக்கா ஒரு கட்சியத்தான் திட்டுறாங்கன்னு. இல்லம்மா. 2005ல இதே ரூல மாத்துவோம்னு ரிபப்ளிக்கன்ஸ் மிரட்டுனப்ப ஜனநாயகமே போச்சுன்னு கத்துன டெமாக்ரட் தலைவர் ஹாரி ரீட், 2013 நவம்பர்ல அதே 52க்கு 48ல அந்த ரூலத் தானே உடைச்சாரு. அப்ப கத்துன ரிபப்ளிக்கன்ஸ் 2017ல சுப்ரீம் கோர்ட்டுக்கும் சேர்த்து மிச்சத்த உடைச்சாங்க.

நான் சிட்டிசன்ஷிப் டெஸ்டுக்குப் படிச்சப்ப நூறு கேள்வியும் அட்டையில எழுதி ஃப்ரிட்ஜ் மேல ஒட்டி வச்சிருந்தேன். சட்டத்தின் ஆட்சின்னா என்னன்னு ஒரு கேள்வி. சட்டத்துக்கு மேல யாருமில்ல, அதான் பதில். தோசை சுட்டுக்கிட்டே சொல்லிச் சொல்லிப் பார்த்த பதில் அது. அதே வார்த்தைய மேடைக்கு மேடை சொன்ன ஜோ பைடன், மகனுக்கு மன்னிப்புக் குடுக்க மாட்டேன்னு 2024 ஜூன்ல சொன்னாரு, டிசம்பர் 1 குடுத்துட்டாரு. போலீஸ்காரங்கதான் எங்க உசுருன்னு சொன்ன ட்ரம்ப், 2025 ஜனவரி 20 பதவியேத்த அன்னிக்கே, 2021ல கேபிடல்ங்கிற பார்லிமென்ட் கட்டடத்துல புகுந்த ஜனவரி 6 வழக்குல சுமார் 1500 பேருக்கு மன்னிப்புக் குடுத்தாரு. அன்னிக்கு அங்க தாக்கப்பட்ட போலீஸ்காரங்க மட்டும் 140 பேர் பக்கம். அந்த அட்டைய நான் இன்னும் தூக்கிப் போடல. அத நெஜம்னு நம்பித்தான் கையத் தூக்கி உறுதிமொழி எடுத்தேன்.

தம்பி இன்னொண்ணும் கேட்டாரு, அதையும் விட்டுட்டுப் போக முடியாது. "டேப்பு டேப்புங்கிறீங்களே, அதே 2020 நவம்பர்ல கிரகாம் நின்னாரே, எதிர்த்து நின்ன ஜேமி ஹாரிசனுக்கு மூணே மாசத்துல 5.7 கோடி டாலர் வந்துச்சே, டேப்ப டிவியில ஓட்டு ஓட்டுன்னு ஓட்டுனாங்களே, அப்பவும் பத்து பெர்சன்ட் வித்தியாசத்துல கிரகாம ஜெயிக்க வச்சது யாரு? மக்கள்தானே?"

நல்ல கேள்வி. என்கிட்ட கணக்குப் பதில் இல்ல. முதல் மணி அடிச்சிட்டீங்க நடுவரே, தெரியுது, ஒரே ஒரு விஷயம் சொல்லிடறேன்.

கிரகாம் உக்காந்திருக்கிற அந்த நாற்காலியில அவருக்கு முன்னாடி இருந்தது யாரு? ஸ்ட்ராம் தர்மண்ட். நூறு வயசு வரைக்கும் வாழ்ந்து 2003ல போனாரு. 1948ல கவர்னரா இருக்கும்போதே ஜனாதிபதித் தேர்தல்ல நின்னாரு. ராணுவத்துல இருக்கிற அத்தனை சிப்பாய் வந்தாலும் கறுப்பு ஜனங்கள எங்க தியேட்டருக்குள்ள, நீச்சல் குளத்துக்குள்ள, சர்ச்சுக்குள்ள, எங்க வீட்டுக்குள்ள விட வைக்க முடியாதுன்னு பேசினாரு. நாலு ஸ்டேட் ஜெயிச்சாரு. 1957ல சிவில் ரைட்ஸ் மசோதாவத் தடுக்க செனட்ல தனியாளா நின்னு 24 மணி நேரம் 18 நிமிஷம் பேசினாரு, நடுவுல பாத்ரூம் போகக்கூடாதுன்னு முன்னாடியே ஸ்டீம் பாத் எடுத்து உடம்புத் தண்ணிய வத்த வச்சிட்டு வந்து பேசினாரு. அந்த ரெக்கார்ட அறுபத்தேழு வருஷம் கழிச்சு, 2025 ஏப்ரல்ல, 25 மணி நேரம் 5 நிமிஷம் நின்னு உடைச்சது கோரி புக்கர்ங்கிற ஒரு கறுப்பின செனட்டர். அதுக்குக் கைதட்டுங்க!

வீட்டுக்குள்ள விடமாட்டேன்னாரே, அந்த வீட்டுக்குள்ள யாரு இருந்தா? கேரி பட்லர்னு ஒரு கறுப்பினப் பொண்ணு வேலை செஞ்சிச்சு. பதினாறு வயசு. இவருக்கு இருபத்திரண்டு. 1925ல ஒரு பொம்பளப் பிள்ளை பிறந்துச்சு. எஸ்ஸி மே. பென்சில்வேனியாவுல பெரியம்மா சித்தி வீட்ல வளர்ந்து, பதினாறு வயசுலதான் அம்மா கையப் பிடிச்சு வக்கீல் ஆபீஸுக்குக் கூட்டிட்டுப் போய், இவருதான் உங்கப்பான்னு காட்டுறாங்க. அப்பன் வெள்ளைக்காரர்ங்கிறதே அன்னிக்குத்தான் அந்தப் பிள்ளைக்குத் தெரியுது. அப்புறம் அவரு பணம் குடுத்தாரு, கவர்ல வச்சுக் குடுத்தாரு. கறுப்பினப் பிள்ளைங்க படிக்கிற காலேஜ்ல படிக்க வச்சாரு, கவர்னரா இருக்கும்போது அந்தக் காலேஜுக்கே போய்ப் பார்த்தாரு. பார்த்துட்டு வந்து மேடையில ஏறி மறுபடியும் அதே பேச்சு!

என் மருமக ஒரு தடவ திரும்பிப் பார்த்ததுக்கு எனக்குத் தூக்கம் போச்சு நடுவரே. பெத்த பிள்ளை முகத்துக்கு நேரா நின்னு பார்த்திருக்கு, அந்த மனுஷனால எப்படி முடிஞ்சுது?

அந்தம்மா லாஸ் ஏஞ்சலஸ்ல டீச்சரா இருந்து ரிடையர் ஆனாங்க. அப்பா உசுரோட இருக்கிற வரைக்கும் வாயத் திறக்கல. அவரு போனப்புறம், 2003 டிசம்பர்ல, 78 வயசுல, சவுத் கரோலினா தலைநகரம் கொலம்பியாவுல எல்லா கேமரா முன்னாடியும் வந்து நின்னாங்க. தன்னோட முழுப் பேரச் சொன்னாங்க, இப்பதான் முழுசா விடுதலை ஆன மாதிரி இருக்குன்னாங்க.

போன வருஷம் நானும் மருமகளும் 77ஆம் நம்பர் ஹைவேல காரெடுத்து கொலம்பியா போனோம். ஸ்டேட் ஹவுஸ் தோட்டத்துல தர்மண்ட் சிலை இருக்கு, நடந்து போற மாதிரி. அடிக்கல்லுல பிள்ளைங்க பேரு செதுக்கியிருக்கு. நாலு பிள்ளைகளின் தந்தைன்னு முதல்ல செதுக்குனது, 2004ல அந்த நாலக் கல்லுலயே அடைச்சு அஞ்சுன்னு மாத்தியிருக்காங்க. திருத்துன தடம் நல்லாவே தெரியுது. மத்த எழுத்தெல்லாம் வழவழன்னு இருக்கு, அந்த ஒரு வார்த்தை மட்டும் ஆறாத புண்ணு மாதிரி. கீழ கடைசிப் பேரா எஸ்ஸி மே. மூத்த பிள்ளை நடுவரே, பேரு கடைசியில.

என் மருமக கர்ப்பமா இருந்தா அப்ப. குனிய வேண்டாம்னு சொன்னேன், கேக்கல. மண்டி போட்டு உக்காந்து அந்தப் பேரு மேல ஒவ்வொரு எழுத்தா விரல வச்சு நகர்த்துனா. பக்கத்துல ஒரு வயசான கறுப்பினப் பெரியவர் நின்னு பார்த்துக்கிட்டே இருந்தாரு. அவரு தொப்பியக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டாரு. யாரும் ஒண்ணும் பேசல.

மணி அடிச்சிட்டீங்க. போயிட்டு வரேன். வணக்கம்.