சேவல் பதில் சொல்கிறது, ஆனால் வரவில்லையே?

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்திலிருந்து ஓர் அன்பர் கேட்டிருக்கும் கேள்வி இரண்டு நாட்களாக என் மனத்தை விட்டு அகலவில்லை. ஏப்ரல் மாதத்து விடியலில் காட்டு வான்கோழி வேட்டைக்குப் போன அவர், மூடியை உரசி ஒலியெழுப்பும் மரத்தாலான அழைப்புப் பெட்டியைக் கொண்டு பெட்டை வான்கோழியின் குரலை எழுப்பியபோது, நூறு கஜத்துக்கு அப்பாலிருந்த வான்கோழிச் சேவல் ஒவ்வொரு முறையும் முழங்கிப் பதில் சொன்னதாம். ஒரு மணி நேரம் கடந்தும் நின்ற இடத்தை விட்டு நகரவில்லையாம். இன்னும் உரக்க அழைத்திருக்க வேண்டுமா என்று கேட்கிறார்.

தேவையில்லை. அதிகமாக அழைத்ததால்தான் அது வரவில்லை. பழைய பேச்சுகளைக் கேட்டவர்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் மீண்டும் சொல்கிறேன்: இனச்சேர்க்கைக் காலத்தில் சேவல் முழங்கி, வாலை விசிறியாக விரித்து ஆடும், அந்தக் குரலைத் தேடிப் பெட்டைதான் நடந்து போகும். நாமோ பெட்டையாக நடித்துக்கொண்டு சேவலை நம்மிடம் வரச் சொல்கிறோம். அது முழங்கும்போதெல்லாம் நாம் பதில் கொடுத்தால், பெட்டை வந்துகொண்டிருக்கிறது என்று நம்பி, அது அங்கேயே காத்து நிற்கிறது.

உங்கள் பெட்டியில் குறை இருப்பதாகத் தோன்றவில்லை. 1897இல் ஹென்றி கிப்சன் என்பவர் அதற்குக் காப்புரிமை பெற்றதும் உங்கள் மாநிலத்து டார்டனெல் ஊரிலிருந்துதான். மூடியின் அடிப்புறத்தில் மெழுகு கலக்காத சாக்குக்கட்டியைத் தேய்த்து, மூடியை அழுத்தாமல் அதன் எடையாலேயே விளிம்பின்மீது உரசவிட்டால், ஐந்தாறு அசைகள் கொண்ட குரல் தானாகவே வந்துவிடும்.

மிசௌரியின் ஓசார்க் குன்றுகளில் எனக்கும் இதே நிலை வந்தது. என்னை அழைத்துப் போயிருந்த முதிய விவசாயி, பெட்டியை என் கையிலிருந்து வாங்கித் தம் மடியில் வைத்துக்கொண்டு, ஓக் மரச் சருகுகளை விரல்களால் கீறத் தொடங்கினார்: ஒரு கீறல், சற்று இடைவெளி, பிறகு விரைவாக இரண்டு. இரை தேடும் பெட்டை கால்களால் சருகைக் கிளறும் ஓசை அது. பிறகு அதையும் நிறுத்திவிட்டார். இருபத்தைந்து நிமிடம் காடே ஓய்ந்து கிடந்தது. டாக்வுட் மரத்தின் தாழ்ந்த கிளையில் வெள்ளைப் பூ என்று நான் நினைத்திருந்தது அசைந்தபோதுதான், அது சேவலின் வெளுத்த தலை என்று புரிந்தது. ஒரு முழக்கமும் இல்லாமல் முப்பது கஜத்துக்குள் வந்துவிட்டிருந்தது.

எவ்வளவு உரக்க என்பதைவிட எப்போது என்று நீங்கள் கேட்டிருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பேன். விடியலில் சேவலைச் சுற்றிப் பெட்டைகள் இருக்கக்கூடும். உயிருள்ள பெட்டைகள் அருகிலிருக்க, உங்கள் மரப்பெட்டியை அது ஏன் தேடி வர வேண்டும்? காலை ஒன்பது, பத்து மணிவாக்கில் பெட்டைகள் முட்டையிடப் பிரிந்து செல்லும். அவை பத்துப் பன்னிரண்டு முட்டைகளை இட்டு, இருபத்தெட்டு நாள் அடைகாக்க அமர்ந்துவிட்டால், சேவலின் தனிமை இன்னும் கூடும். விடியலில் அசையாத அதே பறவை பத்து மணிக்கு மெல்லிய குரலுக்கே நடந்து வருவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

சேவலின் முழக்கத்தை மட்டும் பொதுக் காடுகளில் போலியாக எழுப்பாதீர்கள். வேறொரு வேட்டைக்காரர் உங்களையே பறவை என்று எண்ணிச் சுட்டுவிடக்கூடும். அடுத்த பருவத்தில் அதே இடத்துக்குச் சென்று, அகன்ற மரத்தில் முதுகைச் சாய்த்து அமர்ந்து, மூன்றே முறை அழையுங்கள். அது பதில் சொன்னதும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, சருகுகளைக் கீறுங்கள்.