ஆடவைக்கும் வழிநூல்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, வேலை நாள் மாலையிலும் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் அவையோரே, அனைவருக்கும் என் வணக்கம்.

‘புது அலை இசையை எடுத்து ஆட்டத் தாளத்தோடு குழைத்துத் தரும் இண்டி ராக் குழுக்கள் செய்வது படைப்பா, நகலா?’ என்பது நமக்குத் தரப்பட்ட கேள்வி. புது அலை என்பது, பங்க் எனும் முரட்டு ராக் இசையிலிருந்து 1970களின் இறுதியில் கிளைத்து 1980களில் பரவிய மேற்கத்திய இசை; இண்டி ராக் என்பது, பெரிய இசை நிறுவனங்களைச் சாராமல் தம் போக்கில் வளர்ந்த குழுக்களின் ராக் இசை. அவர்கள் செய்வது படைப்பே என்று வாதிட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், 1980களின் ஓசையை இந்த இளையர்கள் அப்பாவின் பழைய சட்டையைப் போட்டுக்கொள்வதுபோல் போட்டுக்கொண்டு ஆடுகிறார்கள் என்று கூறிக் கைதட்டலும் பெற்றார். சட்டை அப்பாவுடையதுதான், அதை மறுக்க மாட்டேன். அதைப் பிரித்து, தம் உடலுக்கு அளவெடுத்து மறுபடி தைத்திருக்கிறார்களே, அந்தத் தையலை அவர் பார்க்கவில்லை என்பதே என் முறையீடு.

நன்னூல், நூல்களை முதல், வழி, சார்பு என்று மூன்றாகப் பிரிக்கிறது. முன்னோர் நூலின் முடிபோடு ஒத்துச் சென்று, ‘பின்னோன் வேண்டும் விகற்பங் கூறி’, அதாவது பின்வந்தவர் விரும்பும் வேறுபாட்டைச் சேர்த்து, அழியா மரபில் நிற்பது வழிநூல் என்கிறார் பவணந்தி முனிவர். கடன்பட்டிருக்கிறது என்பதற்காக அவர் அதை நூல் வரிசையிலிருந்து தள்ளிவிடவில்லை. எனவே, வாங்கினார்களா என்று கேட்பதை விட்டுவிட்டு, வாங்கியதில் என்ன விகற்பம் செய்தார்கள் என்று கேட்பதே இந்த வழக்கில் முறையான கேள்வி.

அதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். எதிரணியினர் முதல்நூல் என்று கொண்டாடும் அந்தப் புது அலையே பல இடங்களில் வழிநூல்தான். நியூயார்க்கின் பங்க் அரங்குகளில் வளர்ந்த பிளாண்டி குழு 1979இல் டிஸ்கோ எனும் ஆட்ட இசையின் தாளத்தில் ஒரு பாட்டை வெளியிட்டபோது, ராக் இசையைக் காட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று அதன் ரசிகர்கள் சிலரே கோபப்பட்டார்கள். டாக்கிங் ஹெட்ஸ் குழுவின் 1980ஆம் ஆண்டு இசைத்தொகுப்பு, நைஜீரியாவின் ஃபேலா குட்டி வளர்த்த ஆஃப்ரோபீட் தாளத்துக்குப் பெரிதும் கடன்பட்டது. இன்றைக்கு நகல் என்ற பழியைச் சுமத்துகிறவர்கள், அன்று இதே பழியைச் சுமந்தவர்களைத்தான் மூலவர்களாக வைத்து வணங்குகிறார்கள்.

இனி விகற்பத்துக்கு வருகிறேன். என் மகள் தொடக்கக்கல்லூரித் தோழர்களோடு ஒரு குழுவில் பாஸ் கிட்டார் வாசிக்கிறாள். மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஜாமிங் அறை ஒன்றில், ஒரு சனிக்கிழமை முழுவதும் ஓரமாக உட்கார்ந்து அவர்களைப் பார்த்தேன். டிரம்ஸ் வாசிக்கும் பையனின் வலது கால் நான்கு அடியிலும் ‘தும், தும்’ என்று தவறாமல் விழ வேண்டும். அந்த அடிகளுக்கு நடுவில் இடது கால் சற்றே எழும்பி ஹை-ஹாட் எனும் இணைத்தட்டைத் திறந்து ‘த்ஸ்’ என்று மூச்சுவிட வைக்க வேண்டும். அந்த மூச்சு ஒரு இம்மி முந்தினாலும் ஆட்டம் ஓட்டமாகிவிடுகிறது. பிந்தினால் கால் கனத்துவிடுகிறது. கிட்டார் வாசித்த பெண், கம்பிகளை இடக்கையால் பாதி அமுக்கி, மணிக்கட்டை மட்டும் அசைத்து, கஞ்சிராவைத் தட்டுவதுபோல் வாசித்தாள். மெட்டை என் மகளின் பாஸ் கிட்டார்தான் சுமந்தது. நாற்பது நிமிடம் அவர்கள் மெருகேற்றியது நான்கே தாளச் சுற்று நீளமுள்ள ஒரு துண்டு. நகலெடுப்பவருக்கு நாற்பது நிமிடம் தேவைப்படாது, நடுவர் அவர்களே.

கிளாஸ்கோவில் 2002இல் உருவான ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். 2004இல் பிரிட்டனின் மெர்குரி இசை விருது பெற்ற அவர்களுடைய முதல் தொகுப்பில், மிகவும் அறியப்பட்ட பாட்டு வேகமான ராக் பாட்டாகத் தொடங்குகிறது; ஒரு நிமிடம் ஆவதற்குள், குழு முழுவதும் ஒரே உடலாக வேகத்தைக் குறைத்து, மிதித்து ஆடும் கனத்த நடைக்கு இறங்குகிறது. கச்சேரி கேட்டுப் பழகிய நம் செவிக்கு அந்த நடை மாற்றத்தின் அருமை தெரியும். நான்கு மனிதர்கள் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துக்கொண்டு இறங்கும் அந்த இடமே பின்னோன் வேண்டிய விகற்பம்.

ஆட்டம் வந்தால் சிந்தனை வெளியேறிவிடும் என்றும் எதிரணித் தலைவர் வருந்தினார். மான்செஸ்டரின் ஜாய் டிவிஷன் குழு, தன் பாடகர் இயன் கர்ட்டிஸை 1980ஆம் ஆண்டு மே மாதம் இழந்தது. எஞ்சிய மூவர், அதே ஆண்டில் சேர்ந்த கில்லியன் கில்பர்ட்டோடு, நியூ ஆர்டர் என்ற பெயரில் தொடர்ந்தார்கள். 1983இல் 12 அங்குல இசைத்தட்டாக அவர்கள் தந்த ஏழு நிமிடத்துக்கும் நீண்ட பாட்டில், தாளப் பொறியின் இடி போன்ற அடிகளுக்கு மேல் பீட்டர் ஹூக்கின் பாஸ் கிட்டார் உச்ச சுரங்களில் தனியாக அலைகிறது. உலகமே அதற்கு ஆடியது. துக்கத்துக்கும் ஆட்டத்துக்கும் உறவு உண்டா என்று ஐயுறுகிறவர்கள், நம் ஊர்களில் இறுதி ஊர்வலத்துக்கு முன்னால் பறை ஒலிக்க ஆடிச் செல்கிறவர்களை நினைத்துப் பார்க்க வேண்டும். அழுகையைக் கால்கள் அறியும் என்பது நமக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

மான்செஸ்டருக்கும் கிளாஸ்கோவுக்கும் உரியதை வைத்துக்கொண்டு சிங்கப்பூரில் நமக்கு என்ன வேலை என்ற கேள்வியும் எழுந்தது. 2004இல் முதல் தொகுப்பை வெளியிட்ட நம் எலெக்ட்ரிகோ குழு, 2009ஆம் ஆண்டு தேசிய தின அணிவகுப்பின் பாட்டைத் தந்தது. ஆகஸ்ட் மாதம் முழுவதும் பள்ளிப் பிள்ளைகள் பாடும் பாட்டை ஓர் இண்டி ராக் குழுவிடம் கேட்டது இந்த நாடு. எதிரணியினர் இதை மறந்திருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

எஸ்பிளனேட் கலையரங்கில் 2002 முதல் நடந்துவரும் பேபீட்ஸ் இசை விழாவில், கட்டணமில்லாத ஒரு மேடையின் முன்னால் நீரோரமாக ஒரு முறை நின்றிருந்தேன். அருகில் என் வயதுக்காரர் ஒருவர், அலுவலகத்திலிருந்து நேராக வந்தவர்போல, கனத்த பையைத் தோளில் மாட்டிக் கைகட்டி நின்றார். அடுத்த பாட்டை இன்றுதான் முதன்முறையாக வாசிக்கிறோம் என்று மேடையிலிருந்த பாடகர் அறிவித்தார். அதை அதற்கு முன் எவரும் கேட்டிருக்க வழியில்லை. பழைய நினைவு எதுவும் அதில் ஒட்டியிருக்க முடியாது. முதல் பல்லவி முடிவதற்குள் அந்த மனிதர் பையை மெல்லத் தரையில் இறக்கி வைத்தார். அந்தப் பையை இறக்கச் செய்தது எது என்பதை, எனக்கு அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் விளக்கட்டும். நன்றி, வணக்கம்.