குதிரை இன்னும் ஓடவில்லை, பில் மட்டும் வருகிறது: ஒரு நேயரின் சந்தேகம்

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு கேள்விதான். மெல்பர்னிலிருந்து ஒரு சகோதரி அனுப்பியிருக்கிறார். அவர் எழுதியதைப் படிக்கிறேன்.

"போன வருடம் மார்ச்சில், ஒரு சிண்டிகேட் (பலர் சேர்ந்து ஒரு குதிரையை வாங்கும் குழு) மூலமாகப் பந்தயக் குதிரை ஒன்றில் 5 சதவீதப் பங்கு வாங்கினேன். பெண் குட்டி, நவம்பரில் பிறந்தது. பதினான்கு மாதம் ஆகிவிட்டது, ஒரு ரேஸ்கூட ஓடவில்லை. முதலில் கால் வலி என்று ஓய்வுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்து கிரான்பர்ன் மைதானத்தில் ஒரு ஜம்ப்-அவுட் (ஒத்திகை ஓட்டம்) ஓடியது, எட்டுக் குதிரைகளில் ஆறாவதாக வந்தது. மறுபடியும் ஓய்வு என்று சொல்லிவிட்டார்கள். பில் மட்டும் மாதாமாதம் வருகிறது. நான் ஏமாந்துவிட்டேனா? பங்கை விற்றுவிடலாமா? சீக்கிரம் ஓடவிடுங்கள் என்று ட்ரெய்னரிடம் கேட்கலாமா?"

சரி. கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கேட்காதீர்கள், சகோதரி. குதிரை எப்படி இருக்கிறது, ஏன் ஓய்வு, எப்போது திரும்பும் என்றெல்லாம் எத்தனை முறை வேண்டுமானாலும் கேளுங்கள், அது உங்கள் உரிமை. ஓடவிடுங்கள் என்பதை மட்டும் கேட்காதீர்கள்.

நீங்கள் எழுதியதில் என் கண் போய் நின்ற இடம் 'நவம்பர்'. ஆஸ்திரேலியாவில் எல்லாப் பந்தயக் குதிரைகளுக்கும் ஆகஸ்ட் 1-தான் பிறந்தநாள். ஆகஸ்ட் நடுவில் பிறந்த குட்டியும் நவம்பரில் பிறந்த குட்டியும் ஏட்டில் ஒரே வயது. உடம்பு ஏட்டைப் பார்த்து வளராது. சிட்னியில் ராண்ட்விக் மைதானத்தில் பிரீடர்ஸ் பிளேட், கிம்கிராக் என்று இரண்டு வயதுக் குதிரைகளின் ஓட்டம் அக்டோபர் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிடும். பிப்ரவரியில் கால்ஃபீல்டில் புளூ டைமண்ட், அதன் பிறகு ரோஸ்ஹில்லில் கோல்டன் ஸ்லிப்பர், இரண்டும் இரண்டு வயதுக் குதிரைகளுக்கான 1,200 மீட்டர் பந்தயம். புதிதாகப் பங்கு வாங்குகிறவர்கள் இதையெல்லாம் டிவியில் பார்த்துவிட்டு, நம் குட்டி ஏன் அங்கே இல்லை என்று தவிக்கிறார்கள். சீக்கிரம் முதிர்ந்து, சீக்கிரம் வேகம் பிடித்த குட்டிகள்தான் அங்கே நிற்கின்றன. அந்த அக்டோபரில் உங்கள் குட்டிக்கு இரண்டு வயது நிரம்பக்கூட இல்லை.

அடுத்தது அந்தக் கால் வலி. இந்த வயதில் அப்படிச் சொன்னால் பெரும்பாலும் ஷின் சோர் என்பதாகத்தான் இருக்கும். குதிரையின் முன்னங்காலில் முட்டிக்குக் கீழே நீளமாக ஒரு எலும்பு இருக்கிறது, கேனன் எலும்பு என்பார்கள். வேகமாக ஓடும்போது அதன் முன்பக்கத்தில் அழுத்தம் மிக அதிகம். அந்த அழுத்தத்தைத் தாங்குவதற்காக எலும்பு அந்த இடத்தில் தன்னைத் தடிமனாக்கிக்கொள்ளும். அதற்குச் சில வாரம், சில மாதம் வேண்டும். அது தயாராகும் முன்பே வேக ஓட்டம் கூடிவிட்டால் அந்த இடம் வலிக்கும், லேசாக வீங்கும். விரலால் அழுத்தினால் குட்டி காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். இளம் குதிரைகளுக்கு இது மிகச் சாதாரணமாக வருவதுதான். ஓய்வு கொடுத்து, மெதுவாக வேலையைக் கூட்டிக் கொண்டுவந்தால் சரியாகிவிடும். முட்டிக்கு மேலே இருக்கிற எலும்பின் வளர்ச்சித் தட்டு மூடுவதற்கும் இரண்டு, இரண்டரை வயது ஆகிவிடும். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, "முட்டி இன்னும் திறந்திருக்கிறது" என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். உங்கள் குட்டி இப்போது சரியாக அந்த வயதில் நிற்கிறது.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நான் முதன்முதலில் பங்கு வாங்கியது ஒரு ஆண் குட்டி. நல்ல சாது. லாயத்துக்குப் போனால் என் சட்டைப் பையில் மூக்கை நுழைத்துத் தேடும். அதற்கும் ஷின் வலி வந்தது. ஆறு வாரம் ஓய்வு கொடுத்தார்கள். அதற்குள் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எல்லாருக்கும் பொறுமை போய்விட்டது. சீசன் முடிகிறது, ஒரு தடவையாவது ஓடட்டும் என்று ஆளாளுக்கு எழுதினார்கள். நானும் எழுதினேன். அந்தப் பயிற்சியாளர் எங்களிடம் மறுத்துச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. ஓடவிட்டார். ஐந்தாவதாக வந்தது. மறுநாள் காலையில் ஊன்ற முடியாமல் நின்றது. அதே எலும்பில் மயிரிழை முறிவு. அதன் பிறகு அது பந்தயத்துக்குத் திரும்பவே இல்லை. உயிர் பிழைத்தது, இன்றைக்கு ஒரு சிறுமி அதன் மேல் சவாரி பழகுகிறாள், அந்த அளவில் மனசுக்கு ஆறுதல். ஆனால் அன்று நான் அந்தக் குழுவில் எழுதிய வரியை இன்னும் மறக்க முடியவில்லை. அந்தக் குட்டிக்கு வாய் இல்லை. அதற்காகப் பேசியிருக்க வேண்டியவர்கள் நாங்கள்தான்.

தாமதமாக ஓடினால் குதிரை உருப்படாது என்று ஒரு பேச்சு உண்டு. பிளாக் கேவியரைப் பாருங்கள். 25 பந்தயம் ஓடி 25-உம் ஜெயித்த குதிரை. அது முதலில் ஓடியது 2009 ஏப்ரலில், அந்த வருடத்து கோல்டன் ஸ்லிப்பர் முடிந்த பிறகு. கடைசி 33 பந்தயத்தையும் தொடர்ந்து ஜெயித்த வின்க்ஸ் முதலில் ஓடியது 2014 ஜூனில். இரண்டும் பெண் குதிரைகள். டேக்ஓவர் டார்கெட் என்று ஒரு குதிரை. ஜோ ஜானியாக் என்கிற டாக்சி ஓட்டுநர் 1,375 டாலருக்கு வாங்கியது, முட்டியில் கோளாறு உள்ள குதிரை. நான்கு வயதில்தான் முதல் பந்தயம். 2006-இல் இங்கிலாந்தில் ராயல் அஸ்காட்டில் போய் ஜெயித்தது. உங்கள் குட்டியும் அப்படி வரும் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த மாதிரிக் குதிரை ஒரு தலைமுறைக்கு ஒன்று. தாமதம் என்பது மட்டும் ஒரு குறை ஆகாது, அவ்வளவுதான்.

அப்புறம், எட்டில் ஆறாவது. அதை மனசிலிருந்து எடுத்துவிடுங்கள். ஜம்ப்-அவுட் என்பது கேட்டிலிருந்து கிளம்பிப் பழகுவதற்கான ஒத்திகை. பெரும்பாலும் 800 மீட்டர்தான் இருக்கும். பரிசு கிடையாது, பந்தயம் கட்டுவதும் கிடையாது. முதல் தடவை வருகிற குட்டியை யாரும் அடித்து விரட்டி ஓட்ட மாட்டார்கள். வீடியோ அனுப்பியிருப்பார்கள், இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். எந்த இடத்தில் வந்தது என்பதைப் பார்க்காதீர்கள். கேட் திறந்ததும் நேராகக் கிளம்பியதா, பயந்து பக்கவாட்டில் சாய்ந்ததா? கடைசி 200 மீட்டரில் ஜாக்கியின் கை அசையாமல் இருந்ததா, தள்ளிக்கொண்டே வந்தாரா? மற்ற குதிரைகளுக்கு நடுவில் மாட்டியபோது பின்வாங்கியதா? எல்லைக்கோட்டைத் தாண்டிய பிறகு எவ்வளவு தூரம் தானாக ஓடியது? ட்ரெய்னர் பார்ப்பதும் இவற்றைத்தான்.

பணத்துக்கு வருகிறேன். ஏமாந்தீர்களா என்று கேட்டீர்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. ஆனாலும் பில்லைப் படிக்கத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு உதாரணத்துக்கு, லாயத்தில் பயிற்சியில் இருக்கும்போது ஒரு நாளைக்கு 120 டாலர் என்று வைத்துக்கொள்வோம். முப்பது நாளைக்கு 3,600. உங்கள் 5 சதவீதத்துக்கு 180 டாலர். லாடம், மருத்துவர், வண்டி வாடகை, ஜிஎஸ்டி எல்லாம் இதற்கு மேல். புல்வெளியில் ஓய்வில் இருக்கும்போது இந்த நாள் கட்டணம் நன்றாகக் குறைய வேண்டும். 40 டாலர் என்றால் உங்கள் பங்கு மாதத்துக்கு 60-தான். குதிரை மேய்ச்சலில் இருக்கிற மாதத்தில் பயிற்சிக் கட்டணமே வந்திருந்தால் உடனே சிண்டிகேட் மேனேஜருக்கு எழுதிக் கேளுங்கள். வாங்கும்போது கொடுத்த பிடிஎஸ் ஆவணத்தையும் (பங்கின் விதிகளும் கட்டணங்களும் எழுதியிருக்கும் விவர அறிக்கை) எடுத்து ஒருமுறை படியுங்கள். மேனேஜர் எடுத்துக்கொள்ளும் கட்டணம், பங்கை விற்கும் விதி, குதிரையின் ஓட்டத்தை நிறுத்துவதை யார் முடிவு செய்வது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தால் அது பொதுவாக இறப்புக்கு மட்டும்தான், காயத்துக்கு வராது.

ஜெயித்தால் எவ்வளவு வரும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு மெய்டன் பந்தயத்தில், அதாவது இதுவரை ஜெயிக்காத குதிரைகளுக்கான பந்தயத்தில், முதல் பரிசு 15,000 டாலர் என்று வையுங்கள். ட்ரெய்னருக்கு 10 சதவீதம், ஜாக்கிக்கு 5 சதவீதம் என்று மட்டும் கணக்கிட்டால் மிச்சம் 12,750. உங்களுக்கு 637 டாலர் சொச்சம். மூன்று, நான்கு மாதத்துப் பில். இதை வருமானம் என்று நினைத்து யாரும் இறங்கக் கூடாது. குழந்தைகளின் படிப்புக்கு வைத்த பணம் இதில் போகிறது என்றால் இன்றைக்கே மேனேஜரிடம் பேசுங்கள், பாக்கி ஏறவிடாதீர்கள்.

அப்படி நெருக்கடி இல்லை என்றால் இப்போது விற்காதீர்கள். ஓடாத குதிரையின் பங்கை வாங்க வருகிறவர் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார். அவர் வாங்கப்போவது உங்கள் பில்லையும் சேர்த்துத்தானே. ஆகஸ்ட் 1 வந்தால் உங்கள் குட்டிக்கு ஏட்டில் மூன்று வயது. முட்டி மூடியிருக்கும், ஓய்வில் தோளும் பின்புறமும் சதை பிடித்திருக்கும். அடுத்த பயிற்சியில் இரண்டு மூன்று ஜம்ப்-அவுட் பார்த்துவிட்டு முடிவு எடுங்கள். அதிலும் ட்ரெய்னர், "இதற்கு வேகம் போதாது" என்று சொன்னால் அவருக்கு நன்றி சொல்லுங்கள். பந்தயத்தில் இறங்காமலே போகிற குதிரைகள் நிறைய உண்டு. அந்த நாள் வந்தால் குட்டி எங்கே போகும் என்பதை இப்போதே கேட்டு வையுங்கள். பந்தயத்தை விட்ட குதிரைகளுக்குப் புது வீடு பார்ப்பதற்காக, விக்டோரியா மாநிலத்தின் குதிரைப் பந்தய அமைப்பான ரேசிங் விக்டோரியா 'ஆஃப் தி ட்ராக்' என்று ஒரு திட்டம் வைத்திருக்கிறது.

இன்னும் ஒன்று. பதினான்கு மாதத்தில் நீங்கள் குட்டியை எத்தனை முறை போய்ப் பார்த்தீர்கள் என்று எழுதவில்லை. மேய்ச்சலில் இருக்கும்போது பார்க்க விடுவார்கள், மேனேஜரிடம் முன்கூட்டியே சொன்னால் போதும். லாயத்துக்குத் திரும்பிய பிறகு என்றால் விடியற்காலை போக வேண்டும், ஐந்து மணிக்கெல்லாம் வேலை ஆரம்பித்துவிடும். கேரட் எடுத்துக்கொண்டு போங்கள், கொடுக்கும் முன் ஸ்ட்ராப்பரிடம் (குதிரையைத் தினமும் பராமரிப்பவர்) ஒரு வார்த்தை கேளுங்கள். குட்டியின் வலித்த காலை யார் தினமும் தடவிப் பார்க்கிறாரோ அவரிடம் பத்து நிமிடம் பேசிவிட்டு எனக்கு எழுதுங்கள்.